இரண்டு பொடிசு

ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு "ம்" என்றேன். கொழுந்தன் ஹார்ட் டிஸ்க்கின் வயரைப் பழைய லேப்டாப்பில் செருகினார். டிஸ்க் மெல்ல உறுமியது. அந்த விசையை விடாமல் பிடித்திருந்தால், உள்ளே இருப்பது எதுவும் தானாக எழுந்து ஓடாது. கணவரின் ரிப்பேர் கடையில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதான். அவர் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்க் கம்ப்யூட்டரின் முதுகில் செருகுவார். மேலே நான் விசையைப் பிடித்திருப்பேன். "விட்டுடாதடி, குடும்பமே உள்ள வந்துடும்" என்பார் கீழேயிருந்து.

குடும்பம் என்று அவர் சொன்னது, கம்ப்யூட்டர்களில் தானே பரவும் ஒரு புழுவின் வம்சத்தை. பெரியவன் அன்பான கடிதம் போல மின்னஞ்சலில் வந்தானாம். திறந்தவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டானாம். ஜனங்கள் கடிதம் திறக்கப் பயந்ததும் அவன் தம்பி வந்தான்; பென்டிரைவில் ஏறிக் கடை கடையாகப் போனான். அடுத்தவன் இன்னும் சமர்த்து. நிஜமான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் உறையின் முகத்தோடு தான் உட்கார்ந்துகொள்வான். தொட்டால் போயிற்று. கடைசியாக வந்தவனைப் பற்றி மட்டும் அவர் சிரிக்காமல் பேசினார். அண்ணன்களின் வித்தை எல்லாம் தெரிந்தவன்; அதோடு பாட்டோ பேச்சோ, ஒலியாக எது இருந்தாலும் அதைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் தன் நகலை வைப்பான். பெயர் மட்டும் பழையபடி இருக்கும். "புதுசா எவனும் எழுதல. இருக்கறவனுக்கே மூக்கு முழிய மாத்தி அனுப்பிடறாங்க" என்பார்.

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தால் குரல் திரும்பாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்காகப் பேசிப் பதிவு செய்தார். வெளியே எனக்கு முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது. எதுவானாலும் இரண்டு பிரதி, இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். அப்படிச் செய்யாத வாடிக்கையாளர்களைத் திட்டித் தீர்ப்பார். அதன்படியே, பதிவுகள் இருந்த இந்த டிஸ்க்கைப் பக்கத்து ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து, அங்கேயும் ஒரு பிரதி போட்டு வாங்கி வைத்தார். துக்கம் விசாரிக்க வந்த ஸ்டுடியோக்காரர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டிஸ்க்கை அவரிடம் கொடுத்திருந்த அந்த வாரம்தான் தன் கம்ப்யூட்டர்களில் கடைசிப் புழு புகுந்தது என்றார். அங்கே எதுவும் மிஞ்சவில்லையாம். எங்கள் டிஸ்க்கில் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அது என் புடவைகளுக்கு நடுவே இருந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் புடவையை உருவுவேன்.

இப்போது திரையில் வரிசையாக மஞ்சள் உறைகள். அவற்றில் ஒன்று 'பொடிசு'. அப்பாவைவிட உயரமாக வளர்ந்த பிறகும் மகளுக்கு அவர் வைத்திருந்த பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கை அதை நோக்கிப் போனது.

"தொடாத."

என் குரல் எனக்கே வேற்றாளுடையது போல இருந்தது.

"எரியற அடுப்புல கை வெச்சுப் பாத்த ஆளாச்சே அண்ணி இவ, சொன்னா கேப்பாளா?" என்றார் கொழுந்தன். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான். செல்போன் கடை வைத்திருப்பவர். விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா எனக்குச் சொன்னதை எவனோ முதலில் கேட்பதா என்று மகள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

மறைந்திருப்பதையும் காட்டும்படி கொழுந்தன் எதையோ மாற்றினார். பக்கத்திலேயே இன்னொரு 'பொடிசு' வந்தது. ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றது சாயம் போன துணி மாதிரி மங்கல்.

"மங்கலா இருக்கறதுதான் நம்மது. மினுக்கிட்டு நிக்கறவன் வந்தவன்."

"நிச்சயமா சித்தப்பா?"

அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அம்புக்குறி பளிச்சென்றதன் மேலேயே ஊர்ந்து மங்கலுக்குப் போனது. மகள் இரண்டு முறை தட்டினாள். டிஸ்க் சற்று நேரம் உறுமிக்கொண்டே இருந்தது. விசையை விட்டுவிடலாம் என்று கொழுந்தன் சொன்னார். என்னால் விரலை எடுக்க முடியவில்லை.

உள்ளே பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. 'கோபமா இருக்கும்போது'. 'வேலை மாறணும்னு தோணினா'. 'அம்மாவைப் பத்தி'. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் அளவு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஒரு எண்கூட மாறவில்லை. எந்த மனிதனும் எல்லாவற்றைப் பற்றியும் ஒரே அளவு பேசுவதில்லை. மகள் விரலால் திரையில் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள். 'அம்மாவைப் பத்தி' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சித்தப்பா, இதப் பாருங்க."

கடைசிப் பதிவின் அளவு மட்டும் வேறாக இருந்தது. அதன் பெயர் 'சும்மா'. புழு அங்கே வருவதற்குள் யாரோ வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், அதையும் பாதி தின்றிருக்கலாம்.

"மொதல்ல ஒரு நகல் எடுத்துடலாம்மா."

"நகல் எடுக்கப் போய்த்தானே இந்தக் கதி," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அமுக்கட்டுமாம்மா?"

தலையசைத்தேனா என்று ஞாபகமில்லை. அவள் தட்டினாள். திரை முழுக்கக் கறுத்தது. கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு வயரைப் பிடித்தார். பிறகு நடுவில் ஒரு சின்னப் பெட்டி திறந்து, ஒலிக்கு ஏற்ப எழும்பித் தாழும் பச்சைக் கோடு ஒன்று தட்டையாக ஓட ஆரம்பித்தது. பதிவில் ஃபேன் சுழலும் சத்தம். யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம். மறுபடி ஒன்றுமில்லை. மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். பச்சைக் கோடு, மூச்சை உள்ளே இழுக்கிற ஒருவரின் நெஞ்சு போல, மெதுவாக மேலே எழும்பியது.