பர்கர் கடையில் பிள்ளையார் நோன்பு

பாரிஸ் நகரத்தில் உருளைக்கிழங்கு வறுவலைக் கண்டாலே எரிச்சல்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூன்று நாளில் ஏழு பொட்டலம் வாங்கியாகிவிட்டது. பசிக்காக இல்லை, வைஃபைக்காக. டூர் கிளம்பும்போதே போனுக்கு ரோமிங் போடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் நாராயண் கேட்டால்தானே. பர்கர் கடைக்குப் பர்கர் கடை வைஃபை சும்மா கிடக்கும்போது ரோமிங் எதற்கு என்றார். சைவக்காரர்கள் நாங்கள் பர்கர் கடையே கதியென்று கிடந்தோம்.

மற்ற நாள் எப்படியோ போகட்டும். அன்றைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளையார் நோன்பு. மாவு உருண்டையில் நூல்திரியைச் செருகி ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். இழை என்போம் அதை. சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அமராவதிபுதூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் மீனலோசனி முதல் நாளே போனில் சொல்லியிருந்தாள்.

"ஆத்தா, எங்குட்டு இருந்தாலும் நாளைக்கு ஏழரைக்கு அப்பச்சியும் நீங்களும் வீடியோவுல வந்துருங்க. நாங்க இழை எடுக்குறதை நீங்க பாக்கணும்."

ஆத்தா அப்பச்சி என்று பெற்றவர்களிடம்கூட வாய்விட்டு ஒன்றைக் கேட்கிற பெண் இல்லை அவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் முகத்தைக் காட்டாமல் ஒதுங்குகிறவள். அவளே கூப்பிட்டால் நான் இருந்தே ஆக வேண்டும்.

ஊரில் ஏழரை என்றால் இங்கே மத்தியானம் மூன்று. இரண்டரைக்கே அலைய ஆரம்பித்தோம். முதல் கடையில் வைஃபை உள்ளூர் போன் நம்பர் கேட்டது, எங்களுக்கு ஏது? அடுத்த கடையில் கழிப்பறை வாசலில் மட்டும் சிக்னல் வந்தது. நோன்பை அங்கே நின்றா பார்ப்பது? மூன்றாவது கடையில் பில்லின் அடியில் பாஸ்வேர்டு இருந்தது, அரை மணி நேரத்துக்கு. எட்டாவது பொட்டலத்தை வாங்கி உட்கார்ந்து போனை எடுத்தால் பில்லைக் காணோம். மேசையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இவர் அதைக் குப்பையில் போட்டிருக்கிறார். தொட்டிக்குள் கையை விட்டு, தக்காளி சாஸ் அப்பிய அந்தக் காகிதத்தைத் துழாவி எடுத்தேன். அப்போது இவரை என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

படம் வந்தது, சத்தம் வரவில்லை. அவர்கள் பூசை முடித்து இழைக்கு வரவே இருபது நிமிடம் ஆனது. சம்பந்தி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை வாங்கினார். மீனா வாங்கி வாயில் போட்டாள். போட்டவள் நகரவில்லை, மறுபடியும் கையை நீட்டினாள். சம்பந்தி இன்னொன்று கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு எங்களையே பார்த்தாள்.

"சம்பந்தி மறந்துட்டாக போல. ரெண்டு குடுத்துட்டாக" என்றார் இவர்.

எங்கள் வழக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும்தான் இரண்டு இழை. தனக்கு ஒன்று, வயிற்றில் இருப்பதற்கு ஒன்று.

"மறக்கலைங்க. சரியாத்தான் குடுத்துருக்காக."

கடையென்றும் பாராமல் அழுதேன். அரை மணி நேரம் முடிந்து படமும் போய்விட்டது. இவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எழுந்து வறுவலுக்கு வரிசையில் போய் நின்றார். திரும்பி வரும்போது பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு, பில்லை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.