பந்திக்கு முந்தியவர்கள்

என் புருஷன் லெனார்டுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மைக் கிடைத்தது. மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மிச்சிகனில் பெல்டன் எங்கள் ஊர். கார் இருக்கைக்குள் இருக்கும் இரும்புச் சட்டம் செய்கிற ஆலை ஒன்று அங்கே இருந்தது. லெனார்ட் அதில் தொழிற்சங்கச் செயலாளர். நான் பெர்னி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். அந்த வருஷம் ஜூலையில் நிர்வாகம் ஒரு தாள் ஒட்டியது. ஜனவரி கடைசியோடு ஆலையை மூடி, வேலையை டென்னசிக்குக் கொண்டுபோகிறார்களாம். கூட வர விரும்புகிறவர்கள் டிசம்பர் முதல் தேதிக்குள் மாற்றல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அங்கே வேலை உண்டு, மருத்துவக் காப்பீடும் உண்டு. போடாதவர்களுக்கு ஜனவரியோடு வேலையும் காப்பீடும் முடிந்தது.

ஊரே இடிந்துபோய் உட்கார்ந்தது. லெனார்ட் மட்டும் உட்காரவில்லை. முந்தைய தேர்தலின்போது டிவியில் பார்த்த ஒன்று அவன் மண்டைக்குள் இருந்தது. அயோவாவில் ஏதோ ஒரு பட்டிக்காட்டில் ஆலையை மூடப்போகிறார்கள் என்றதும், ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் பனியில் வந்து வாசலில் நின்று பேசினார். பின்னால் இருபது காமிரா. அடுத்த வாரமே நிர்வாகம் மூடுவதைத் தள்ளிப்போட்டது.

"அவனுங்க ஊர்ல சோளத்தை விட்டா என்னடி இருக்கு? முதல்ல ஓட்டுப் போடறானுங்க, அவ்வளவுதான். அதுக்காக வீடு வீடா போய்க் கால்ல விழறானுங்க. நம்ம முறை வர்றதுக்குள்ள யார் வேட்பாளர்னு முடிவாயிடுது. எச்சில் இலையைத்தான் நமக்குப் போடறானுங்க" என்றான்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும்தான் முதல் பந்தி. கட்சி வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போடும் பிரைமரி எங்கள் மாநிலத்துக்கு வரும்போது பாதி வேட்பாளர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். அந்தக் கோடையில் எங்கள் சட்டசபைக்கு ரோஷம் வந்தது. பிரைமரியை ஜனவரி பதினைந்துக்கு இழுத்துவிடலாம் என்று மசோதா கொண்டுவந்தார்கள். பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்றார்கள். லெனார்ட் தலைநகரம் லான்சிங்குக்குப் போனான். நான்தான் ரொட்டிக்குள் ஹாம் வைத்துக் கட்டிக்கொடுத்தேன்.

அந்த மூன்று நிமிஷத்தில் அவன் நன்றாகவே பேசினான் என்று எல்லாரும் சொன்னார்கள். "ஒருத்தர், ஒரே ஒருத்தர், எங்க வாசல்ல வந்து நின்னா போதும்" என்றானாம். கைதட்டினார்களாம். மசோதா நிறைவேறியது.

ஆனால் பந்தியில் எங்கே உட்காருவது என்பதைக் கட்சி மேலிடம் முடிவு செய்கிறது. முதலில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? வரிசை மீறிய மாநிலத்துக்குள் கால் வைக்க மாட்டோம் என்று வேட்பாளர்கள் எட்டுப் பேரிடமும் எழுதி வாங்கினார்கள். வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாட்டில் எங்கள் மாநிலப் பிரதிநிதிகளுக்கு இடம் கிடையாது என்று மேலிடம் தண்டனையும் போட்டது. அக்டோபரில் பாதிப் பேர் எங்கள் ஓட்டுச் சீட்டிலிருந்து பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

"சும்மா பூச்சாண்டி. இவ்வளவு பெரிய மாநிலத்தை எவன் விடுவான்? எட்டுப் பேர்ல ஒருத்தனாவது வாக்குத் தவறாமலா இருப்பான்? அரசியல்வாதிடி அவனுங்க" என்றான் லெனார்ட்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தேகமும் வந்தது. சந்தேகத்தை வெளியே சொல்லவில்லை. அவன் நான்கு மாதமாக நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தான். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. இந்தக் கதையில் என் பங்கு அதுதான்.

ஓட்டிஸ் வீட்டில்தான் இதெல்லாம் பேசுவோம். ஓட்டிஸும் லெனார்டும் இருபத்தாறு வருஷம் அடுத்தடுத்த இயந்திரத்தில் நின்றவர்கள். ஓட்டிஸ் கறுப்பர், நாங்கள் போலந்துக்காரர்கள். எங்கள் அப்பா காலத்தில் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டியைக்கூட மாற்றிச் சாப்பிடுவார்கள். ஓட்டிஸ் மனைவி வெர்னெல்லுக்கு இதயம் பலவீனம், ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. வாய் மட்டும் பலவீனமே இல்லை. தினமும் ஷிப்ட் முடியும்போது வாசலுக்கு எதிரே மின்கம்பத்தடியில் பழுப்பு நிற ப்யூக் காரை நிறுத்தி, ரேடியோவில் தேவாலயப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு காத்திருப்பாள்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிஸ் மாற்றல் படிவத்தை மேஜையில் எடுத்து வைத்தார்.

"லென், நேரா கேக்கறேன். கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

"போடாதே."

"இவ மாத்திரை இருக்குடா."

"தெரியும். ஆனா யோசிச்சுப் பாரு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா, அந்த ஆளு வந்து நிக்கும்போது வாசல்ல யாரு இருப்பா? ஆளில்லாத ஆலையை எவன் காப்பாத்துவான்? ஆறு வாரம். ஆறே வாரம் பொறு."

"வர்றவனுக்கு நான் பீச் பழத்தை மாவுக்குள்ள வச்சு பீச் பை சுடப்போறேன். அயோவாவுல கண்ட பையைத் தின்னுட்டு அவனுங்க நாக்கு செத்திருக்கும். என் பையைத் தின்னா இங்கேயே வீடு பாப்பான்" என்றாள் வெர்னெல்.

"வராம போனா?" என்றார் ஓட்டிஸ்.

"வராம போனா நீயே எல்லாத்தையும் தின்னு. டென்னசியில எனக்கு யாரைத் தெரியும்? என் சர்ச் இங்க இருக்கு. லென் சொல்றான்ல?"

ஓட்டிஸ் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடாதவர்கள் மொத்தம் நூற்றுப் பதினான்கு பேர்.

ஜனவரி பதினைந்து வரை யாரும் வரவில்லை. வேட்பாளர் வரவில்லை, வேட்பாளரின் மச்சான்கூட வரவில்லை. வெர்னெல் வாங்கி அடுக்கிய பீச் டின்கள் அப்படியே இருந்தன. அன்றைக்குப் பனி கொட்டியது. லெனார்ட் காலையில் முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போட்டான். சீட்டின் கடைசியில் 'யாருக்கும் இல்லை' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில்தான் குத்தினேன் என்றான். லான்சிங்கில் கைதட்டு வாங்கின மனுஷன் அதில் போய்க் குத்த வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் ஆலைக் கதவுக்குச் சங்கிலி போட்டார்கள்.

லெனார்டை ஊரில் யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மளிகைக் கடையில் ஒருத்தி என் காதில் விழும்படி, "முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு, ஊரையே கவுத்துட்டான்" என்றாள். நான் திரும்பவில்லை. அவள் புருஷனும் அந்த நூற்றுப் பதினான்கில் ஒருவன்.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி வெர்னெல் செத்துப்போனாள். காலையில் ஓட்டிஸ் எழுப்பினபோது எழுந்திருக்கவில்லை. சடங்குக்கு உடுத்த அவளுடைய நீல உடையைத் தேடி நான் அலமாரியைத் திறந்தேன். மாத்திரைப் பெட்டி அங்கே இருந்தது. ஒவ்வொரு மாத்திரையையும் சரிபாதியாக வெட்டி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். காப்பீடு நின்ற நாளிலிருந்து அரை அரையாகத்தான் தின்றிருக்கிறாள். ஓட்டிஸிடம் அவள் மூச்சு விடவில்லை. பெட்டியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். லெனார்டிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் நான் மட்டும் எப்படிச் சுமப்பேன்?

அவன் அந்த அரை மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.

ஏப்ரலில் லெனார்டுக்கு ஒரு போன் வந்தது. தெற்கே ஏதோ மாநிலத்தில் கவர்னராக இருந்த வேட்பாளர் ஒருவர், எங்கள் ஓட்டுச் சீட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட கும்பலில் ஒருவர், அவருடைய விளம்பரக் குழு. மூடிய ஆலையைப் படம் பிடிக்க வேண்டுமாம். உண்மையான தொழிலாளிகள் பத்துப் பேர் வேண்டுமாம்.

"போன்ல நல்லா திட்டினியா?" என்றேன்.

"வர்றோம்னு சொல்லிட்டேன். வாசலுக்கு வர்றாங்கள்ல, பெர்னி? வர்றாங்கள்ல?"

எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஓட்டிஸும் வந்தார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். வேட்பாளர் வரவில்லை. காமிராக்காரர்கள் இரண்டு பேரும் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்ணும்தான் வந்தார்கள். கடைசி நாள் வேலை முடிந்து வெளியே வருவதுபோல் நடக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பெட்டியோடு பத்துப் பேரும் நடந்தார்கள். இன்னொரு தடவை என்றாள். நடந்தார்கள். மூன்றாம் முறை ஓட்டிஸ் வாசலைத் தாண்டியதும் நின்றார். தலையைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்த்தார். மின்கம்பத்தடி காலியாக இருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

"அருமை! அது போதும்" என்றாள் அந்தப் பெண்.

லெனார்ட் அவளிடம் போனான். "இது டிவியில எப்போ வரும்?"

"அடுத்த வாரம். இந்தியானாவுல. அவங்க மே மாசம்தானே ஓட்டுப் போடறாங்க? இந்தத் தடவை அங்கதான் முடிவாகும்போல இருக்கு."

"இங்க வராதா?"

அவள் நல்ல பெண்தான். கேலியாகச் சொல்லவில்லை. "உங்களுக்குத்தான் முடிஞ்சிடுச்சே சார்."

முந்தாமல் சும்மா இருந்த இந்தியானாவில் அந்த மாதம் திருவிழா. மூன்று வேட்பாளர்கள் போட்டியில் மிஞ்சியிருந்தார்கள், மூன்று பேரும் அங்கேயே குடியிருந்தார்கள். கடைசிப் பந்திக்குத்தான் பாயசம் வந்தது. அங்கே இருக்கும் லெனார்டின் அக்கா மகள் ஒருநாள் போன் செய்தாள். "மாமா, ஓட்டிஸ் மாமா டிவியில வர்றார். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை போடறாங்க. யாரையோ தேடற மாதிரி பாக்கறார். பாக்கவே தாங்கலை."

லெனார்ட் இதை ஓட்டிஸிடம் சொன்னான். "நான் அதைப் பாக்கணும்" என்றார் அவர்.

சனிக்கிழமை நான்தான் காரை ஓட்டினேன். இரண்டரை மணி நேரம், யாரும் ரேடியோ போடவில்லை. மாநில எல்லையைத் தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன உணவகம். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பரிமாறுகிற பெண் வாயாடி.

"எங்கேருந்து? மிச்சிகனா? இங்க இந்த மாசம் ரெண்டு வேட்பாளருங்க வந்துட்டாங்க தெரியுமா? ஒருத்தர் இதோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துல உக்காந்து பீச் பை சாப்பிட்டார்."

"யார் பண்ணின பை?" என்றார் ஓட்டிஸ்.

"பெட்டியில வர்றதுதான். பாதிக்கு மேல தின்னலை. போட்டோவுக்குத்தான்."

ஓட்டிஸ் தலையாட்டினார்.

விளம்பரம் வந்தது. ஆலைக் கதவு, சங்கிலி, எங்கள் ஆட்கள். கடைசியில் ஓட்டிஸ். நான்கு விநாடி இருக்கும். நிற்கிறார், திரும்பிப் பார்க்கிறார். உடனே வேட்பாளரின் முகம், பெயர், கொடி. ஓட்டிஸ் எதைப் பார்க்கிறார் என்று காட்டவில்லை.

லெனார்ட் இரண்டு கையையும் மேஜையில் வைத்தான். "கையெழுத்துப் போடாதேன்னு நான்தான் சொன்னேன், ஓட்டிஸ்."

"ஆமாண்டா. நீதான் சொன்னே."

அதற்கு மேல் ஓட்டிஸ் ஏதாவது சொல்வார் என்று லெனார்ட் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை.

லெனார்ட் எழுந்து நாற்காலியைத் தள்ளினான். "போலாமா?"

ஓட்டிஸ் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க வேணா வண்டியில இருங்க. இருபது நிமிஷத்துல திரும்பப் போடுவாங்கல்ல? அதுல நான் அவளைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

லெனார்ட் மறுபடி உட்கார்ந்தான். நான் மூன்று காபி சொன்னேன்.