ஏழு வெள்ளை அட்டைகள்

கார் பட்டறையில் வண்ணம் கலக்குபவரின் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வலி இல்லை. தலைக்கு மேலிருந்த விளக்கு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடியது, உடைந்தது, மறுபடி கூடியது. டாக்டர் கையை நிறுத்தாமல் விளக்கினார். கண்மணிக்குப் பின்னால் கண்ணாடித்தாள் போல ஒரு பை, அதற்குள் லென்ஸ். பையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, பழுத்த லென்ஸை உடைத்து உறிஞ்சிவிட்டு, அதே பைக்குள் புதியதை மடித்து விடுவார்கள். உள்ளே போய் அது தானாக விரியும்.

பழசு என்ன நிறம் என்று இவர் கேட்டார். தொழில் புத்தி.

“தேன் கலர். வருஷக்கணக்கா இது வழியாத்தான் பாத்திருக்கீங்க. பேசாதீங்க, தலை ஆடுது.”

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சுவர் எழும்பி மிதந்தது. இடது கண்ணை மட்டும் திறந்தால் சாயங்காலம் நாலு மணி. வலதை மட்டும் திறந்தால் விடியற்காலை. ஒரே அறை. மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று பட்டறையின் வெள்ளைக் கார்கள் நினைவுக்கு வந்தன.

பட்டறையில் பெயின்ட் அடித்தவன் இவருடைய மச்சினன். போன வருஷம் வெள்ளைக் கார்கள் திரும்பி வர ஆரம்பித்தன. பழுது பார்த்த கதவு மட்டும் மஞ்சளடித்தது. கலவையே மஞ்சள்தான் என்றான் மச்சினன். எனக்கே கலர் சொல்லித் தருகிறாயா, சூட்டைக் கூட்டிக் காயவைத்துக் கெடுத்தது நீதான் என்று எல்லோர் முன்னாலும் கிழித்துவிட்டார். அன்றே அவன் வேலையை விட்டான். அன்றிலிருந்து மனைவியும் இவரிடம் அளந்துதான் பேசுகிறாள்.

வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார்கள். இவர் பட்டறைக்குப் போனார். ஒவ்வொரு கலவையையும் ஓர் அட்டையில் அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வைப்பது இவர் வழக்கம். பெயின்ட் உலர்த்தும் அடுப்பின் சூடு படாத அட்டைகள், காற்றில் காய்ந்தவை. சண்டை நடந்த நாள் வரையிலான ஏழு வெள்ளை அட்டைகளைத் தேதி வரிசையில் வெயிலில் பரப்பினார். இடது கண்ணுக்கு எல்லாம் ஒன்று. வலது கண்ணில் ஒவ்வொன்றாகப் பழுத்துக்கொண்டே போயின. சண்டை நடந்த அன்றைய அட்டை சுத்த மஞ்சள்.

கிழித்துப் போட்டால் கேட்க நாதியில்லை. கொஞ்ச நேரம் அதைத்தான் யோசித்தார். பிறகு எடுத்துக்கொண்டு நடந்தார்.

மச்சினன் இப்போது வேறொரு இடத்தில் கார் கழுவுகிறான். ஈரக் கையால் அட்டைகளைப் புரட்டினான். இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“இதத்தான அன்னிக்குச் சொன்னேன்.”

“ஆமா. தப்பு எம்மேலதான். கண்ணுல கோளாறு.”

“இங்க நம்ம ரெண்டு பேர்தான் மாமா. அன்னிக்குப் பதினோரு பேர் நின்னாங்க.”

“வா. அந்தப் பதினோரு பேர் முன்னாடியும் சொல்றேன்.”

“மொதலாளி?”

“அவர் பன்னெண்டாவது ஆளு.”

மச்சினன் குழாயை மூடினான். சட்டை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனான். இவர் வாசலில் நின்றார். வெள்ளை வண்டிகள் போயின, வந்தன. ஒன்றின் வெள்ளை மற்றொன்றில் இல்லை.