பேணியில் நின்ற பசு

கொக்குவிலில் கேதீஸ்வரி ரீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. வலைப்பந்து மைதானத்தில் விசில் ஊதி மூன்று தலைமுறையை ஓடவைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விடியப்புறம் சைக்கிளில் நல்லூர் முருகனிடம் போய்க் கும்பிட்டு வந்து, வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். அந்தக் கால்கள்தான் போன வருசம் அவரைக் கைவிட்டன. இருந்தால் எழும்ப முடியாது. எழும்பினால் இருக்க முடியாது.

அவர் செய்யாத கைவைத்தியம் இல்லை. முடக்கொத்தான் கஞ்சி குடித்தார். பிரண்டையை அரைத்துச் சாப்பிட்டார். நாக்கு அரித்ததுதான் மிச்சம். வீட்டுக்கு முன் ஒழுங்கையில் நின்ற முருங்கையை வறையென்றும் சொதியென்றும் மொட்டையாக்கினார். முழங்கால் அசையவில்லை. கடைசியில் நல்லூரானிடமே போய், "இந்தக் காலை மடங்கப் பண்ணிவிடப்பா, தேரன்றைக்கு அடி அழிக்கிறன்" என்று நேர்த்தி வைத்தார்.

அடி அழிப்பது சும்மா காரியமில்லை. பெண்கள் கோயில் வீதியைச் சுற்றி, மணலில் நாலடி வைப்பதும், முழந்தாளிட்டு விழுந்து கும்பிடுவதும், எழும்பி மறுபடி நாலடி வைப்பதுமாகப் போகவேண்டும். வாய் கொடுத்துவிட்டார், இனிக் கால்தான் காப்பாற்றவேண்டும்.

அந்த நேரம் பார்த்து கனடாவிலிருந்து மகள் ஆரபி ஒரு தகரப் பேணி நிறைய மா அனுப்பினாள். அங்கே ஓட்டக்காரரும் சைக்கிள்காரரும் மூட்டுக்கு இதைத்தான் குடிக்கிறார்களாம். "நூறு வீதம் இயற்கையம்மா" என்றாள். பேணியில் ஒட்டியிருந்த படத்தில் பச்சைப் புல்லுக்கு நடுவே வடிவான பசு ஒன்று நின்றது. பசுவைக் கண்டதும் ரீச்சர் இது ஏதோ பால்மா என்று முடிவுகட்டிவிட்டார். பேணியைக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். சின்ன எழுத்தை வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேடப் பொறுமை வேண்டும். இரண்டும் கைவசம் இல்லை.

சில மாதத்தில் முழங்கால் மெல்ல மடங்கியது. ரீச்சருக்குத் தலைகால் தெரியவில்லை.

நல்லூரில் கொடியேறியது. வீடு கழுவி, மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கிற சட்டிகளைச் சாக்கில் கட்டி மேலே போட்டு, புதுச்சட்டி வாங்கினார். முட்டை போட்ட கேக்கும் மச்சம்தான் என்று ஒழுங்கை முழுக்க வகுப்பெடுத்தார். காலையில் தலைக்குத் தோய்ந்து, திருநீறு பூசி, அந்தப் புதுச்சட்டியில் பால் காய்ச்சி, பேணி மாவைக் கரைத்துக் குடித்தார். தேரன்றைக்குத் தானும் அடி அழிப்பதற்கென்று ஒருநேரச் சாப்பாட்டுடன் விரதமிருந்த உரும்பிராய் மச்சாள் பராசக்திக்கும் ஒரு போத்தல் நிறையக் கொடுத்தார். புண்ணியம் அல்லவா.

தேருக்கு முதல்நாள் பராசக்தி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எனக்கும் ஒரு பேணி மகனிட்டைச் சொல்லி எடுப்பிக்கப் போறன், மச்சாள். பேணியிலை என்ன போட்டிருக்கெண்டு வாசியும்."

கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார் ரீச்சர். அந்தப் பசு பால் கொடுக்கவில்லை. தன் தோலையும் எலும்பையும் கொடுத்திருந்தது.

"கண்ணாடியைக் காணேல்லை மச்சாள், நாளைக்குச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

ஆரபியைக் கூப்பிட்டார். "அம்மா, நான் இயற்கை எண்டுதானே சொன்னனான். சைவம் எண்டு சொன்னனானோ?"

கணவர் கனகலிங்கம் சாய்வுகதிரையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கொடியேறின நாள் துவக்கம் நான் ஒரு கருவாட்டுத் துண்டுக்கு ஏங்கிக்கொண்டு கிடக்கிறன்" என்றார் ஆறுதலாக. "நீர் விடியக் காலமை மாட்டைக் கரைச்சுக் குடிச்சிருக்கிறீர்."

ரீச்சர் இருந்து கணக்குப் பார்த்தார். காலை மடக்கித் தந்தது முருகனா, மாடா? முருகன் என்றால் நேர்த்தியைச் செய்தே ஆகவேண்டும். மாடு என்றால் நேர்த்தியே இல்லை. ஆனால் எந்த முகத்தோடு கோயில் வாசலில் நிற்பது? ஊருக்கு வகுப்பெடுத்த முகம் கண்ணாடியில் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. அன்றைக்கென்று மூக்குக் கண்ணாடியும் கையில் இருந்தது.

போகாமல் விட மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் மச்சாளை மணலில் விழவிடவும் முடியாது. விடிந்ததும் பேணியைத் தொடாமல் தோய்ந்துவிட்டு நல்லூருக்குப் போனார். வீதியில், ஈரச் சேலையோடு நின்ற பராசக்தியின் காதுக்குள் எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.

பராசக்தி கோபுரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தெரிஞ்சோ தந்தனீர்?"

"ஐயோ, இல்லை மச்சாள்."

"நானும் தெரிஞ்சு குடிக்கேல்லை. மாட்டுக்குத்தான் தெரியும். அது வந்து கோள் சொல்லாது. நடவும், வெயில் ஏறுது."

ரீச்சர் விழுந்து கும்பிட்டார். முழங்கால் மடங்கியது. எழும்பும்போது கண்ணில் நீர் முட்டியது. பின்னால் வந்த ஒருத்தி, "ரீச்சரின்ரை பக்தியைப் பாருங்கோ" என்றாள். பக்தி இல்லைப் பிள்ளை, முழங்கால் என்று சொல்ல அவருக்கு மூச்சு இருக்கவில்லை. தெற்கு வீதியில் பராசக்தி தோளைக் கொடுத்தார். மேற்கில் ரீச்சர் கொடுத்தார். தேர் அசையத் தொடங்கியபோது இருவரும் ஒருவரையொருவர் தூக்கி எழுப்பிக்கொண்டு எப்படியோ வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

கடைசியாக விழுந்து கும்பிட்டபோது, "யார் மடக்கியிருந்தாலும் உன்ரை கணக்கிலையே இருக்கட்டும், முருகா" என்றார் ரீச்சர்.

பக்கத்தில் விழுந்து கிடந்த பராசக்தி தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"திருவிழா முடிஞ்ச பிறகு, அந்த மிச்ச மாவை என்ன செய்யப் போறீர்?"

"ஏன் மச்சாள்?"

"சும்மா கேட்டனான்."

சிரிப்பு வந்ததில் ரீச்சரால் எழும்பவே முடியவில்லை.