டார்வின் பார்ன்ஹார்ட்டின் கார் கண்ணாடியான வருடம்

லாயல் ஓவர்காஷ் தொலைக்காட்சியில் வாயைத் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, டார்வின் பார்ன்ஹார்ட்டின் பந்தயக் காருடைய பானெட் கண்ணாடியாகிவிட்டது. இன்ஜின் ஓடுவது கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. அதிகாரிகள் வந்து தட்டிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள். எடை மாறவில்லை, பானெட் வழியாக உள்ளே தெரியக் கூடாது என்று விதியும் இல்லை, எனவே ஓட்டச் சொல்லிவிட்டார்கள். வட கரோலினாவில் எங்கள் ஆட்கள் காரில் இதைவிடப் பெரிய தகிடுதத்தங்களைப் பார்த்தவர்கள்.

லாயல் பதினாறு வருடம் டார்வினின் குழுத் தலைவனாக இருந்தவன். காரைத் தயார் செய்வதும், பந்தயத்தில் ரேடியோ வழியாக டார்வினை நடத்துவதும் அவன் வேலை. அந்த ரேடியோவை மைதானத்தில் யாரும் வாடகைக் கருவி வைத்து ஒட்டுக்கேட்கலாம் என்பதால், இருவரும் தங்களுக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார்கள். "அத்தை தூங்குறாங்க" என்றால் இடப்பக்கம் காலி. "அத்தை எழுந்துட்டாங்க" என்றால் இடப்பக்கம் ஒரு கார் உரசிக்கொண்டு வருகிறது. ரசிகர்கள் அந்த அத்தைக்கு உடம்பு தேற வாழ்த்து அட்டைகூட அனுப்பினார்கள். பழைய விபத்து ஒன்றில் டார்வினின் இடது கண் அவிந்துபோயிருந்தது. அது வெளியே தெரிந்தால் உரிமம் போய்விடும். லாயலுக்கும் டார்வினின் மனைவி நெல்டாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

முதுகு வலி தாங்கவில்லை, இனி தொலைக்காட்சியில் உட்கார்ந்து பந்தய வர்ணனை பேசிப் பிழைக்கப்போகிறேன் என்று லாயல் ஒருநாள் ஈரல் சாண்ட்விச்சைக் கடித்தபடி சொன்னான். உன் கண்ணைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டான். யாரும் கேட்காமலே அதை ஏன் சொன்னான் என்று நெல்டா அன்றிரவு டார்வினிடம் கேட்டாள். டார்வின் புதுக் குழுத் தலைவனுக்கு அத்தை பாஷையை மட்டும் கற்றுக்கொடுத்தான், காரணம் சொல்லவில்லை.

லாயல் நன்றாகத்தான் பேசினான். டார்வின் காரில் முன் ஸ்பிரிங்கை எப்படி வைப்பார்கள் என்று விளக்கியதும் பானெட் போயிற்று. டயர் காற்று விஷயத்தை விளக்கிய வாரம் பக்கக் கதவுகள் போயின. கோடைக்குள் கார் முழுக்கக் கண்ணாடி. மற்ற குழுக்காரர்கள் சுற்றி நின்று பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். டார்வின் முதலிடத்திலிருந்து இருபதுக்கு இறங்கினான். "அது அவன் பொழப்பு, விடு," என்று நெல்டாவை அடக்கினான்.

பிறகு சார்லட் நகரப் பந்தயத்தன்று மழை பிடித்தது. கார்கள் நின்றாலும் தொலைக்காட்சி நிற்க முடியாது. மற்ற வர்ணனையாளர்கள் மீன் பிடித்த கதையெல்லாம் சொல்லி ஓய்ந்தார்கள். லாயலின் காதுக்குள் இப்போது டார்வினுக்குப் பதில் நிகழ்ச்சித் தயாரிப்பாளரின் குரல் இருந்தது. பேசு, பேசிக்கொண்டே இரு என்றது அது. அவன் அன்பாகத்தான் ஆரம்பித்தான். "டார்வின் மாதிரி தைரியசாலிய நான் பாத்ததில்லைங்க," என்றான். "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு இத்தன வருஷம் ஓட்டியிருக்கான்."

மைதானத்து ஓரம் நிறுத்தியிருந்த வண்டிவீட்டில் அவித்த வேர்க்கடலை தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த டார்வினின் நெஞ்சு, சட்டையோடு சேர்ந்து கண்ணாடியாயிற்று. மழை விடுவதற்குள் அதிகாரிகள் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

மறுநாள் லாயல் டார்வினின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மழை நிக்கல, டார்வின். சொல்றதுக்கு வேற எதுவும் மிச்சமில்ல."

"இன்னும் இருக்கு," என்றான் டார்வின். விளக்கடியில் போய் நின்றான். "நல்லாப் பாத்துக்கோ. அடுத்த வாரத்துக்கு ஆகும்."

லாயல் அழுதான். அழுதுகொண்டே பார்க்கவும் செய்தான்.

அடுத்த ஞாயிறும் மழை. லாயல் டார்வினின் இதயத்தை நாட்டுக்கு விவரித்தான்: அது எப்படிச் சுருங்குகிறது, எந்தப் பக்கம் தழும்பு, தன் பெயரைக் கேட்டால் எங்கே இழுத்துப் பிடிக்கிறது என்று. சோபாவில் பக்கத்தில் இருந்த நெல்டா கணவனின் நெஞ்சையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தாங்க சொல்றாரு," என்றாள்.