கொசுறு உருண்டை

பொன்னமராவதி மாட்டுத் தரகர் வெள்ளைச்சாமி, விலை குறைக்காமல் எதையும் வாங்கியதில்லை. குறைத்த பிறகு கொசுறு கேட்காமல் நகர்ந்ததும் இல்லை. ஒரு கத்திரிக்காயாவது மேலே விழுந்தால்தான் அவருக்கு வாங்கிய மாதிரி இருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. வியாபாரிகள் மத்தியில் வளர்ந்தவனுக்குக் கொசுறு காசு விஷயம் அல்ல, மரியாதை விஷயம்.

தரகு வேலையில் உடம்புக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு ஜோடி மாடு கைமாறினால் விற்றவர் காப்பி வாங்கித் தருவார். வாங்கியவர் சும்மா இருப்பாரா, அவர் பங்குக்கு இன்னொரு காப்பி, கூட இரண்டு வடை. மறுத்தால் முகம் சுண்டிவிடும். தண்ணீர் மட்டும் யாரும் வாங்கித் தருவதில்லை, இவரும் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் அந்த இடைவெளியில் வேறு தரகர் புகுந்துவிடுவார். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டியதில் கண்ணுக்குக் கீழே பை, நாக்கில் மாவு, வயிற்றில் கல். மனைவி மீனம்மாள் எதைக் கேட்டாலும் ஓர் உறுமல்தான் பதில்.

அந்த ஆண்டு அவர் முதன்முறையாகத் தனக்கென்று மாடு வாங்க இறங்கினார். ஊருக்கு மேற்கே கொஞ்சம் புஞ்சைக் காடு வாங்கியிருந்தார், மழை நெருங்கிக்கொண்டிருந்தது. அரிமளத்து ஆத்மநாதன் அடுத்த சந்தைக்கு மயிலைக் காளை ஜோடி ஒன்றை ஓட்டி வருவதாகச் சேதி வந்தது. ஏரிலும் வண்டியிலும் அந்த ஜோடியைப் பார்த்து மயங்கியவர் இவர். அது தவறினால் இந்தப் பருவத்துக்குக் காடு தரிசுதான். ஊருக்கெல்லாம் மாடு பிடித்துக் கொடுத்தவன் சொந்தக் காட்டைச் சும்மா போட்டான் என்றால் சந்தையில் எப்படித் தலைகாட்டுவது?

தலை தெளிவாக இருக்க வேண்டிய நேரம். சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் சைக்கிளில் வந்தான் லேகியக்காரன்.

"நாக்கக் காட்டுங்கண்ணே. ஆறு மாசத்து அழுக்கு. ரத்தம் கெட்டி, ஈரல் மந்தம். ராத்திரி ஒரு உருண்டை போட்டா, விடிஞ்சதும் உள்ள எல்லாம் வெள்ளையடிச்ச வீடு."

விலை பாதியாக இறங்கும்வரை வெள்ளைச்சாமி அவனை விடவில்லை.

"கொசுறு?"

"மருந்துக்குக் கொசுறு கேக்குற ஆள இன்னைக்குத்தாண்ணே பாக்குறேன்."

"பாத்துட்டேல்ல. போடு."

"இது அடுத்த ஆறு மாசத்துக்கு" என்று சொல்லித்தான் அவன் இன்னோர் உருண்டையைக் கொடுத்தான். சும்மா வந்ததை ஆறு மாசம் காயவிடுவது எந்த ஊர் வியாபாரம்?

மீனம்மாள் பார்த்துவிட்டாள். "ஒடம்பு என்ன தொட்டியா, வருசத்துக்கு ரெண்டு தரம் கழுவி விட? அது அன்னன்னைக்குத் தானாக் கழுவிக்கிரும். நீங்க தண்ணியக் குடிச்சு நேரத்துக்குப் படுத்தாப் போதும்."

"ஒண்ணு வெலைக்கு ரெண்டு, புள்ள. ஒனக்கு எங்கிட்டுத் தெரியப்போகுது" என்றபடி இரண்டையும் விழுங்கினார்.

காலையில் வயிறு அசையவே இல்லை. ஏமாத்திட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே சந்தைக்குக் கிளம்பினார். தீனி வைக்கப் போகிறவள் நான்தானே என்று மீனம்மாளும் கூடவே வந்தாள்.

அந்தச் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலைத் தொட்டுத்தான் பேச்சு. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. படியுமுன் கையை உருவினால் பேச்சு முறிந்தது. அடுத்தவர் கையை நுழைக்கலாம். அந்த அடுத்தவர் அருகிலேயே நின்றிருந்தார்: போட்டித் தரகர் நாகராசு. காலையிலேயே ஒருமுறை கைகொடுத்துப் பார்த்து, படியாமல், காளைகளையே சுற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளைச்சாமி துண்டைப் போட்டார். ஆத்மநாதன் விரல்களைப் பிடித்தார். இவர் முடியாதென்று தலையாட்டினார். ஒரு விரல் குறைந்தது. இன்னும் ஒன்று குறைந்தால் படிந்துவிடும். அப்போதுதான் முதல் உருண்டை கண் விழித்தது.

"என்ன தம்பி, கை வேர்க்குது?"

"வெயிலு."

"நெழல்லதான நிக்கிறோம்."

மாட்டின் மேல் ஆசை முற்றிய வேர்வை என்று கணக்குப் போட்ட ஆத்மநாதன், குறைத்த விரலைத் திரும்ப ஏற்றினார். வெள்ளைச்சாமி பல்லைக் கடித்தார். காலோடு காலைப் பின்னினார். கொசுறும் சேர்ந்துகொண்டது. கையை உருவி, துண்டையும் விட்டுவிட்டு, கள்ளிப் புதர்ப் பக்கம் ஓடினார்.

சந்தையே சிரித்தது. நாகராசு சிரித்து நேரத்தை வீணாக்காமல் ஓர் அடி முன்னே வைத்தார். அதற்குள் மீனம்மாள் துண்டை எடுத்துத் தன் கையின் மேல் போட்டு, ஆத்மநாதன் முன்னால் நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு வந்துருவாரு. அதுவரைக்கும் நான் பேசுறேன்."

ஆத்மநாதன் பின்வாங்கினார். அயல் பெண்ணின் கையை நடுச்சந்தையில் துண்டுக்குள் பிடித்தால், அவருக்கு முன்னால் சேதி அரிமளம் போய்ச் சேர்ந்துவிடும்.

"தங்கச்சி, இது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"சரிங்கண்ணே, கை வேணாம். வாயால சொல்லுங்க. எங்களுக்கு என்ன வெலை?"

சுற்றி நின்ற தரகர்கள் இருமினார்கள். விலையை வாய்விட்டுச் சொல்வது அவர்களுக்கு வேட்டி இல்லாமல் நிற்கிற மாதிரி. ஆத்மநாதன் விழித்தார். காலையில் நாகராசுவின் கையில் தொட்டது ஒரு விலை. சற்றுமுன் வெள்ளைச்சாமியின் கையில் ஏற்றியது வேறு விலை. பெரியதைச் சொன்னால், தனக்குச் சொன்ன குறைந்த விலையை நாகராசு அங்கேயே போட்டுடைப்பார். சின்னதையே சொன்னார், அரை மனதோடு.

"ஒங்களுக்கும் அதேதானாண்ணே?" என்று மீனம்மாள் நாகராசுவைக் கேட்டாள்.

"அதேதான். இன்னும் கொஞ்சம் கொறையட்டும்னு நிக்கிறேன்."

"நீங்க நில்லுங்க" என்று அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லார் காதிலும் விழுந்த விலையை ஆத்மநாதனால் திரும்ப விழுங்க முடியவில்லை.

வெளிறிப்போய்த் திரும்பிய வெள்ளைச்சாமி, விலையைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல தரகருக்கு மேலான தரகரைப் பார்த்தால் தெரியும்.

"கொசுறு கேட்டியா?"

"நேத்து வாங்குனதே போதும். எந்திரிங்க."

அன்று முழுக்க அவருக்கு உப்புப் போட்ட நீராகாரம்தான்.

மாட்டோடு பேரம் பேச முடியாது. விடியுமுன் ஊருணிக்கு ஓட்ட வேண்டும். அது நல்ல நடை. அவை நீர் குடிக்கிற நிதானத்தைப் பார்த்தால் தானும் ஒரு செம்பு குடிக்கத் தோன்றும். வெள்ளென எழ வேண்டியவன் பொழுதோடு படுத்தாக வேண்டும். காப்பிக்கு மட்டும் வீட்டில் பேரம் நடந்தது. அவர் நாலு என்றார், மீனம்மாள் ஒன்று என்றாள். இரண்டில் படிந்தது, வடை கிடையாது. சந்தையில் காப்பிக்குப் பதில் மோர் கேட்டபோது பலர் முகம் சுண்டினார்கள். மோர் விலை குறைவு என்று உறைத்ததும் தெளிந்தார்கள்.

கண்ணுக்குக் கீழே இருந்த பை வற்றியது. கல் எப்போது கரைந்தது என்று அவருக்கே தெரியாது.

முதல் மழைக்குக் காடு உழுதார். மத்தியானம் முழங்கால்வரை சேறோடு வரப்பில் வந்து உட்கார்ந்தவர், "பசிக்குது புள்ள" என்றார்.

மீனம்மாள் கம்பங்கூழ்ச் சட்டியைத் திறந்தாள். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. இரண்டு பேருக்குமாக வெங்காயத்தை உரித்துக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.