கல்லீரலில் குடியேறிய குடல்

குடலில் இருந்த கட்டியைப் போன வருஷமே அறுத்து எடுத்தாயிற்று. இப்போது கல்லீரலில் புள்ளிகள் தெரிகின்றன என்கிறார்கள். சரி, தெரியட்டும். ஆனால் கல்லீரலில் இருக்கிற புள்ளிக்கு எதற்குக் குடலுக்கான மருந்து? ஏசுபாதத்துக்கு இந்த இடம்தான் இடித்தது.

அவர் மேற்குத் தாம்பரத்தில் வீட்டு புரோக்கர். யாரையும் பெயரால் நினைவு வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ‘கடப்பேரி மாடி’, ‘இரும்புலியூர் பின்போர்ஷன்’ என்றுதான் ஆட்களைச் சொல்லுவார். மனைவி ரோஸியையே கல்யாணத்துக்கு முன்னால் ‘சானடோரியம் பச்சை கேட்’ என்றுதான் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், கல்லீரலில் இருப்பதற்குப் பெயர் குடல் புற்றுநோய் என்றால் ஒப்புவாரா?

“விலாசமே தப்பா கீது. வேற எவனுக்கோ போட வேண்டிய மருந்தை எனக்குப் போடப் பாக்கறாங்க.”

“ஆமா, உன் குடலைக் கடத்திகினு போய் வேற ஒருத்தன் வயித்துல வெச்சிட்டாங்க. பேசாம திங்கக்கெழம வந்து ஊசி போட்டுக்கோ,” என்றாள் ரோஸி.

“லிவருக்குன்னு மருந்து சொல்லட்டும், வரேன்.”

படப்பையிலிருந்து மச்சான் ஜோனத்தான் கட்டுக் கட்டாகக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்திருந்தான். அது கல்லீரலுக்கென்றே உள்ள செடி. விலாசம் சரியாக இருந்ததால் ஏசுபாதம் அதை ஆடு மாதிரி மென்றுகொண்டிருந்தார்.

ரோஸி அவரை டாக்டர் சின்மயியிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்மயி வரைந்து காட்டி விளக்குவதில் பிரியமுள்ள பெண். ஒரு தாளை எடுத்துக் குடலை முறுக்குப்போல வரைந்தார்.

“சார், செல்லெல்லாம் பக்கத்து செல்லோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். புற்றுநோய் செல் சிலதுக்கு அந்த ஒட்டு விட்டுப்போயிடும். பிரிஞ்சு வந்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள நுழைஞ்சு ரத்தத்துல கலந்துடும். நாங்க கட்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே சிலது அப்படிக் கிளம்பியிருக்கு. சரி, குடல்லேர்ந்து போற ரத்தம் முதல்ல எங்க போகும், சொல்லுங்க?”

“ஹார்ட்டுக்கு.”

“லிவருக்கு! சாப்பாட்டுல என்ன வந்திருக்குன்னு லிவர் பாத்துட்டுத்தான் மேல அனுப்பும்.”

“தெக்கேர்ந்து வர்ற ரயிலெல்லாம் தாம்பரத்துல நின்னு போற மாதிரி?”

“அதேதான் சார்!”

“எறங்கறவன்லாம் இங்கியே தங்கிடறானா?”

“அதுதான் இதுல அழகு. பெரும்பாலானது செத்துடும். ரத்த ஓட்டத்துல அடிபட்டே சிலது சாகும், சிலதை வெள்ளை அணு தின்னுடும். தப்பிச்சது ஏதாவது ஒண்ணு ரெண்டு லிவர்ல இடம் பாத்து ஒட்டிக்கும். மாசக்கணக்கா சத்தமில்லாம தூங்கினாலும் தூங்கும். அப்புறம் எழுந்து, பக்கத்து ரத்தக்குழாய்லேர்ந்து தனக்குன்னு கிளை இழுத்துக்கிட்டுப் பெருகும்.”

“அட்வான்ஸே குடுக்காம உள்ள வந்து, மோட்டார் லைன் வேற இழுத்துக்குது,” என்றார் ஏசுபாதம். வெறுப்போடு கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்தது. “சரிம்மா. லிவர்ல குடி வந்தாச்சு, லிவர்காரனா ஆயாச்சு. லிவர் மருந்து எழுதுங்க.”

“இல்ல சார். அந்தப் புள்ளியிலேர்ந்து ஊசி வெச்சுத் துளி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தோம். அது குடல் செல்லேதான்.”

“இருக்கற எடம்தாம்மா அட்ரஸ்!” என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

கீழாநெல்லி விஷயத்தை ரோஸி சொன்னதும் சின்மயி அவளை நிறுத்திச் சொன்னார்: “இப்ப மருந்து ஆரம்பிச்சா புள்ளிகளைச் சுருக்கி, அப்புறம் அறுத்து எடுத்துடலாம். தள்ளிப்போட்டா அறுக்கற நிலைமை தாண்டிடும்மா. அந்தச் செடியை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் ஏசுபாதத்தின் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான். சிட்லபாக்கத்தில் வீடு வைத்திருக்கும் கஸ்தூரிரங்கன் பேசினார்.

“ஏசுபாதம், நீங்க வெச்சுட்டுப்போன டெனன்ட் விடியக்காலைல ஆயிரம்வாலா கொளுத்தறார்! என்ன விசேஷம்னு கேட்டா, குழந்தைக்குப் பல் முளைச்சிருக்காம்!”

“அவன் சிவகாசி ஆளு சார்.”

“அசோசியேஷன் வாட்ஸ்அப்ல கண்டிச்சு மெசேஜ் போட்டோம். கட்டைவிரல் தூக்கிக் காட்டறார். மறுநாள் அடுத்த பல்லுக்கு வெடிக்கறார்.”

“சிட்லபாக்கத்துக்காரன்தான் சார் மெசேஜுக்கு அடங்குவான்.”

“இங்க வந்து எத்தனை வருஷமாச்சு, இன்னுமா சிவகாசி?”

“எத்தினி வருஷம் ஆனா இன்னா சார்? குடி வந்த எடம் சிட்லபாக்கம், ஆளு சிவகாசி. சிவகாசிக்காரனுக்கு எது ஆவுமோ அதைச் செய்யணும். அங்க அவன் பெரியப்பா பட்டாசுக் கடை வெச்சிகினு கீறாரு, அவருக்குன்னா இவன் நடுங்குவான். அவருக்குப் போன் போடுங்க. நம்பர் அனுப்பறேன்.”

போனை வைத்தார். எதிரே ரோஸி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“யோவ், இப்ப அந்த சாருக்கு இன்னா சொன்ன?”

“பெரியப்பாவுக்குப் போன் போடச் சொன்னேன்.”

“ஏன்? சிட்லபாக்கத்துலதான கீறான்? இருக்கற எடம்தான அட்ரஸ்?”

ஏசுபாதம் வாயைத் திறந்தார். உள்ளே பச்சையாகக் கீழாநெல்லி தெரிந்தது. அதை அவசரமாக விழுங்கினார்.

“உன் லிவர்ல குந்திகினு கீறவனும் குடல்காரன்தான். அவன் பெரியப்பா எங்க கீறாரோ அங்கதான்யா போன் போடணும். நீ இன்னாடான்னா வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டுகினு கீற!” என்று மிச்சமிருந்த செடியைக் கட்டோடு தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

திங்கட்கிழமை ஏசுபாதம் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற சின்மயியிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

“ஏம்மா, இன்னும் சிலது தாம்பரம் தாண்டி வேற ஸ்டேஷன்ல எறங்கி ஒளிஞ்சிருந்தா?”

“அதுக்குத்தான் சார் ரத்தத்துல ஏத்தறோம். அது போன வழியிலேயே இதுவும் போய்த் தேடும்.”

“பெரியப்பா ரயில்லயே வராருன்னு சொல்லு,” என்று ரோஸியைப் பார்த்துச் சொன்னார். பிறகு பாதி நாள் வாந்தி எடுத்து, மீதி நாள் ஜோனத்தானைத் திட்டினார்.

மழைக்காலம் முடிந்து எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் சுருங்கியிருந்தன. அறுவைக்கு நாள் குறித்தார்கள். கல்லீரலில் குடியேறியவை குடலின் செல்கள். அதனால் குடல் புற்றுநோய்க்கான மருந்துதான் அவற்றுக்கு வேலை செய்தது.